அரைத் தாடையும் ஒரு தொடை எலும்பும்

முனைவர் அங்கயற்கண்ணியின் வாழ்நாள் சாதனை முழுவதையும் ஒரு டிபன் கேரியரில் அடக்கிவிடலாம். மேல் தட்டில் பாதித் தாடை, அதில் இரண்டு பல். நடுத் தட்டில் வாலெலும்புக் கண்ணிகள் நாலைந்து. அடித் தட்டில் கொஞ்சம் சாய்த்து வைத்தால் ஒரு தொடை எலும்பு. அரியலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில், ஒரே பாறைச் சுவரில், கைக்கெட்டும் தூரத்துக்குள் இவை கிடந்தன. அவ்வளவுதான் கையிருப்பு. இதை வைத்துக்கொண்டு ஆட்டு உயரம், இரண்டு கால் நடை, இலை தழை உணவு, குணத்தில் சாது என்று ஒரு டைனோசரையே அங்கை எழுதிக் காட்டினாள். ஜோசியர்கள்கூட இதைவிட அதிகத் தகவலைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறப்பார்கள்.

புது இனம் என்றால் பெயர் வைக்க வேண்டும். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது அந்தத் துறையில் நாகரிகமில்லை. மேலதிகாரியின் பெயரை வைப்பதோ மிகுந்த நாகரிகம். ஆகவே அந்தச் சாதுப் பிராணி, பக்கத்தில் ஓடும் மருதையாற்றையும் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் புருஷோத்தமனையும் சேர்த்து 'மருதையாசாரஸ் புருஷோத்தமனி' ஆயிற்று. இயக்குநர் அன்று முழுக்க "எதுக்கும்மா இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் தன் அறை வாசலில் அதன் படத்தைப் பெரிதாக மாட்டிவிட்டார்.

இத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை. செத்து ஏழு கோடி வருஷம் ஆன பிராணியை என்ன இனம் என்று சொன்னால்தான் என்ன, அது எழுந்து வந்து மறுக்கவா போகிறது? ஆனால் அந்த மையத்துக்கு நிரப்பி வந்து சேர்ந்தது.

நிரப்பி என்பது பீரோ உயர இயந்திரம். பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் புருஷோத்தமன் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு விளக்குவார்.

"ஒரு எலும்பை உள்ள வச்சா, மீதி எலும்பு எப்படி இருந்திருக்கும்னு இதுவே போட்டுரும். அப்புறம் அந்த உடம்பைக் கட்டுறதுக்கு என்னென்ன மரபணு வேணும்னு பறவை, முதலை, பல்லின்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் வாங்கித் தச்சுரும். அதை நெருப்புக்கோழி முட்டைக்குள்ள வச்சு அடைகாக்க வேண்டியதுதான். குஞ்சு வந்துரும்."

"எலும்பைத் தப்பா நிரப்பிட்டா சார்?" என்று ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருமுறை கேட்டார்.

"ஆகாதும்மா. இத்தனை சதவீதம் உறுதின்னு கீழயே காட்டும் பாருங்க. தொண்ணூத்தெட்டு."

டீச்சர் தலையாட்டினார். சதவீதத்தில் சொன்னால் நம் ஆட்களுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது.

அப்படித்தான் அங்கையின் டிபன் கேரியர் எலும்புகளும் உள்ளே போயின, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜீவன் வெளியே வந்தது. ஆட்டு உயரம். பருத்த தொடைகள், ஈட்டி மாதிரி நீட்டிய வால், அகன்ற குட்டை வாய். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும். வைத்த தழையை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கும். ஏதோ குறை கண்டுபிடித்தது போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மறுபடி வந்து நிற்கும். கல்யாணப் பந்தியில் இப்படி நடந்துகொள்பவரை என்னவென்று அழைப்பார்களோ அந்தப் பெயரையே மையத்தில் அதற்கும் வைத்தார்கள். சம்பந்தி.

சம்பந்தியைப் பார்க்க ஜனம் அலைமோதியது. சம்பந்தி படம் போட்ட பனியன், சம்பந்தி பொம்மை, சம்பந்தியை வைத்து ஒரு பல்பொடி விளம்பரம். பன்னிரண்டு சம்பந்திகளை வளர்த்துச் சித்திரை முதல் தேதி தொல்லுயிர்ப் பூங்கா திறப்பதென்று முடிவாயிற்று. முட்டைகள் அடைகாப்பானுக்குள் போய்விட்டன. இளஞ்சூட்டில் கிடந்த அவற்றுக்கு முழுச் சூடு ஏற்ற மறுவுயிர்ப்பு ஆணையத்தின் அனுமதி ஒன்றுதான் பாக்கி.

அந்த ஆணையம் உண்டான கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிரப்பி புழக்கத்துக்கு வந்த புதிதில், ஒரு கல்யாண மண்டப முதலாளி வாசலில் நிறுத்த உயிருள்ள யாளி வேண்டுமென்று யாரையோ பிடித்துச் செய்துவிட்டார். சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, எல்லாம் கோயில் தூணில் உள்ளபடியே. முதல் முகூர்த்தத்திலேயே அது வாழை மரத்தைத் தின்று, மாப்பிள்ளை காரின் மேல் ஏறி உட்கார்ந்து, மூன்றாம் நாள் மூச்சுவிட முடியாமல் செத்தது. தும்பிக்கை நுரையீரலோடு சேரவே இல்லையாம். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. உலகத்தில் உண்மையாகவே ஒரு காலத்தில் வாழ்ந்த இனத்தைத்தான் மறுபடி உண்டாக்கலாம். மனிதன் கற்பனையில் ஒட்டிச் செய்த உயிர் எங்கே இருந்தாலும் அதை வேதனையில்லாமல் அழித்துவிட வேண்டும். நல்ல சட்டம் என்று அங்கைகூட அப்போது கைதட்டியிருக்கிறாள்.

புரட்டாசியில் ஒரு நாள் மையத்தின் கால்நடை மருத்துவர் ஜெபமணி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். ஜெபமணி திருநெல்வேலிக்காரி, அங்கையின் வயதுக்காரி, யாருக்கும் பயப்படாத வாய்.

"ஏட்டி அங்கை, இங்க வந்து இதப் பாரு. வாய் ஒருத்தனுக்குப் பொறந்தது, வயிறு இன்னொருத்தனுக்குப் பொறந்தது மாதிரில்லா இருக்கு."

கொட்டடியில் சம்பந்தி ஒரு அகத்திக் கொத்தோடு போராடிக்கொண்டிருந்தது. தாடை மேலும் கீழும் போய்வந்தது. பக்கவாட்டில் அசையவே இல்லை. நாலு கடி கடித்துவிட்டு அலுத்துப்போய்த் தழையைக் கீழே போட்டது. பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அது கொஞ்சம் பிகு பண்ணும்டி, தெரிஞ்சதுதானே" என்றாள் அங்கை.

"பிகுவா? இது பசி. ரத்தம் சூடு, ஓடுத காலு, கோழி மாதிரி துடிப்பு. இந்த ஒடம்புக்கு நாள் பூரா தின்னுக்கிட்டே இருக்கணும். வாயப் பாத்தியா, முதலை மாதிரி கடிக்க மட்டுந்தான் தெரியுது, அரைக்கத் தெரியல. தாடைச் சதையும் சீக்கிரமே அசந்துருது. இம்புட்டு நாளும் இது மொகத்தத் திருப்புனது ருசி பாத்து இல்ல. முடியாமத் திருப்பியிருக்கு."

ஜெபமணி மாவரைக்கும் கிரைண்டரில் அகத்தியும் முருங்கையும் போட்டு அரைத்து வைத்திருந்த பச்சை விழுதை அகப்பையில் அள்ளி நீட்டினாள். சம்பந்தி பாய்ந்து வந்தது. அகப்பையையே விழுங்கிவிடும் போல வழித்து நக்கியது. பனியன்களிலும் பொம்மைகளிலும் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பிராணி இரண்டு வருடமாக அரைப்பட்டினி கிடந்திருக்கிறது.

"நீதான் அரைச்சுக் குடுக்குறியே, இனிமே சரியாயிரும்ல?"

"ஒண்ணுக்கு அரைக்கேன். உள்ள பன்னெண்டு கெடக்கே, அதுகளுக்கு எவ அரைப்பா?"

அங்கைக்குள் ஒரு பயம் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரே பாறைச் சுவரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தவை என்பதால் ஒரே பிராணியின் எலும்புகள் என்று எடுத்துக்கொண்டார்களே, அது சரிதானா? பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆணையும் பெண்ணையும் புருஷன் பெண்டாட்டி என்று முடிவுகட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எலும்பை மெல்லிசாக அறுத்து உள்ளே பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் இருப்பதே அரைத் தாடை, அதையும் அறுப்பதா என்று இயக்குநர் அப்போது தடுத்துவிட்டார். தடுத்ததில் அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷந்தான்.

அறுப்பதற்கு நாள் வாய்த்தது. ஆயுத பூஜை. மையத்தில் எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நிரப்பிக்கு மாலை போட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் கொடுத்துவிட்டு மதியத்தோடு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக் கூடாது. தொட்டால் வருஷம் முழுக்க விளங்காது என்று இயக்குநரே சொல்லிவிட்டுப் போனார். அங்கை பொட்டு வைத்த ரம்பத்தை ஓட்டினாள். குங்குமம் தெறித்துப் பழம்பெருமை வாய்ந்த தாடையின் மேல் விழுந்தது. பதறிப்போய்த் துடைத்தாள், பிறகு தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

நுண்ணோக்கியில் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மரத்துக்கு இருப்பது போலச் சில பிராணிகளின் எலும்புக்கும் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். தாடையில் வளையங்கள் நெருக்கி நெருக்கி முப்பதுக்கு மேல் இருந்தன. தொடை எலும்பில் ஒன்றுகூட இல்லை. கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக, அவசரமாக வளர்ந்த எலும்பு. தாடை ஒரு கிழத்தினுடையது. தொடை ஒரு வருஷம்கூட வாழாத வாலிபத்தினுடையது. ஒரே உடம்பில் வாய்க்கு முப்பது வயதும் காலுக்கு ஒரு வயதும் இருக்க வழியில்லை.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் சைவ முதலைகளும் இருந்தன. இலை தின்று தின்று பல்லும் இலை மாதிரியே ஆகிப்போன முதலைகள். அப்படி ஒன்றின் தாடையைக் கொண்டுபோய், பறந்தோடும் ஒரு குட்டி டைனோசரின் தொடையில் அவள் சேர்த்திருக்கிறாள். நிரப்பியும் வாயைத் திறக்காமல் இரண்டுக்கும் முடிச்சுப்போட்டு ஒரு உடம்பைத் தைத்துக் கொடுத்துவிட்டது. கொட்டடியில் நின்றுகொண்டிருக்கும் சம்பந்தி எந்தக் காலத்திலும் உலகத்தில் இருந்ததே இல்லை.

விடுமுறை முடிந்து முதல் வேலையாக இயக்குநரிடம் போனாள். அவர் மிச்சப் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவர் கை பொரிக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

"தாடைய அறுத்தியா? பூஜை அன்னிக்கா?"

"சார், அதை விடுங்க. ரெண்டும் வேற வேற பிராணி. சம்பந்தி தப்பு சார்."

"உயிரோட மேயுது, குடல் வேலை செய்யுது, குழந்தைங்களுக்குக் கைகாட்டுது. அதுல என்னம்மா தப்பு? இப்படி ஒரு மிருகம் இருந்துதான்னு கேக்கறவனுக்கு அதையே காட்டலாமே!"

"நாம சொன்னதை வச்சுதான் சார் அதைச் செஞ்சாங்க. இப்ப அதைக் காட்டி நாம சொன்னது சரிங்கறோம். கள்ளக் கையெழுத்தப் போட்டவனையே சாட்சிக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

புருஷோத்தமன் யோசித்தார். அவருடைய யோசனை எந்தப் பக்கம் போகிறதென்று அவளுக்குத் தெரியும்.

"சரி, ரெண்டு பிராணின்னே வச்சுக்குவோம். அப்ப இந்தப் பேரு யாருக்குப் போகும்?"

"பேரைத் தாடைக்குத்தான் சார் கொடுத்தோம். விதிப்படி அது தாடையோடதான் போகும்."

"அப்படின்னா?"

"நீங்க முதலை சார்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"உண்மையச் சொல்லணும்னு துடிக்கிற. சொல்லு. சட்டம் என்ன சொல்லுதுன்னு உனக்கும் தெரியும். இல்லாத இனம்னு நீ சொன்ன அன்னிக்கே அதுக்கு ஊசி போட்டுருவாங்க. உன் கையால தின்னுட்டு உன் பின்னாலயே வர்ற ஜீவன். நீ வாய மூடிக்கிட்டு இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். யோசிச்சுக்க."

அங்கை யோசித்தாள். அந்த வாரம் முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேசினால் சம்பந்தி சாகும். பேசாவிட்டால் இன்னும் பன்னிரண்டு ஜீவன்கள் பிறந்த நாளிலிருந்து செத்த நாள் வரை பசியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும், ஜனங்கள் அதைப் பார்த்துச் சிரித்துப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். ஒன்றா, பன்னிரண்டா என்று கணக்குப் போட்டால் விடை சுலபம். அந்த ஒன்று வந்து தன் உள்ளங்கையில் தாடையை வைத்து அழுத்தும்போது கணக்கு மறந்துபோகிறது. அதற்குத் தாடை வலிக்கும்போது அப்படித்தான் செய்யும். தான் தவறாக ஒட்டிய தாடையை அது தன் கையிலேயே கொண்டுவந்து தாங்கக் கொடுக்கிறதே என்று அவள் கொட்டடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"நீ என்னடி சொல்ற?" என்று ஜெபமணியைக் கேட்டாள்.

ஜெபமணி கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஊசி போட எனக்குக் கை வரல. அதனால எங்கிட்ட கேக்காத தாயி."

ஆணையத்திலிருந்து வந்த அதிகாரி குழந்தைவேலு கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். மெலிந்த தேகம், மடிப்புக் கலையாத சட்டை. நாற்காலியில் உட்காருவதற்குக்கூட "உக்காரட்டுங்களா" என்று கேட்டார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர் ஏழெட்டுப் போலி உயிர்களை அழிக்க உத்தரவு போட்டவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பன்னிரண்டு முட்டைகளுக்கு அனுமதி கொடுக்க வந்தவருக்குப் புருஷோத்தமன் பொன்னாடை, பூங்கொத்து, மட்டன் பிரியாணி, சிக்கன் வறுவல் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். சம்பந்தியைக் குளிப்பாட்டி, வயிறு முட்ட விழுது ஊட்டி, கழுத்தில் ஒரு மாலையும் போட்டு ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் நேரத்தில் அங்கை எழுந்து நின்றாள்.

"சார், அனுமதி கொடுக்காதீங்க. இந்த இனமே கிடையாது. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். வளையங்களின் படத்தையும் காட்டினாள். குழந்தைவேலு பொறுமையாகக் கேட்டார். அவருக்குப் பாதிதான் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. புருஷோத்தமன் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

"ரொம்ப உழைச்சுட்டாங்க சார். கொஞ்ச நாளா தூக்கமில்ல. லீவு குடுக்கலாம்னு இருக்கேன். நிரப்பியையே கேட்டுப் பாருங்களேன், அதுக்கென்ன தூக்கம் கெடுமா?"

நிரப்பியைக் கேட்டார்கள். தாடை, வாலெலும்பு, தொடை மூன்றையும் உள்ளே வைத்தார்கள். திரையில் சம்பந்தி வந்து நின்றது. தொண்ணூற்றெட்டு சதவீதம் உறுதி.

"ஏனுங்கம்மா, மிஷினும் சொல்லுது, ஜன்னலுக்கு வெளிய உசுரோடவும் நிக்குதுங்க. இதுக்கு மேல நான் என்னத்தைங்க சந்தேகப்படறது?"

அப்போது அதுவரை சும்மா இருந்த ஜெபமணி, சாப்பிட்ட இலைகள் கிடந்த கூடைக்குப் போனாள். குனிந்து இரண்டு எலும்பைப் பொறுக்கினாள். ஒன்று பிரியாணியில் கிடந்த ஆட்டு நெஞ்செலும்பு, மற்றது அதிகாரி கடித்துப் போட்ட கோழிக்கால். சேலைத் தலைப்பில் மசாலாவைத் துடைத்தாள். நேராக நிரப்பிக்குள் வைத்துக் கதவை மூடினாள்.

"ஏம்மா, என்ன பண்றீங்க!" என்று புருஷோத்தமன் பாய்ந்தார்.

"ஒண்ணுமில்ல சார். நாம மத்தியானம் என்ன சாப்டோம்னு இதுக்குத் தெரியுதான்னு பாக்கேன்."

நிரப்பி உறுமியது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு பிராணி வந்து நின்றது. ஆட்டுத் தலை, அழகாக வளைந்த கொம்பு, மெலிந்த இரண்டே கோழிக்கால், பின்னால் கொத்தாக இறகு. மிகவும் கம்பீரமாக இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே தொண்ணூற்றெட்டு சதவீதம் உறுதி என்று போட்டு, புது இனமாக இருக்கலாம், பெயர் சூட்டவும் என்றும் கேட்டது.

குழந்தைவேலு வாய்விட்டுச் சிரித்தார். அறையே சிரித்தது. பொன்னாடை நழுவிக் கீழே விழுந்தது. பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார், வெளியே மாலையும் கழுத்துமாக நின்ற சம்பந்தியைப் பார்த்தார், சிரிப்பு மெல்ல அடங்கிப்போயிற்று.

"அப்ப அதுவும் இதே கதைதானுங்களா?"

"ஆமா சார்" என்றாள் அங்கை.

"நீங்க வேணும்னு செய்யலைங்க, தெரியுதுங்க. ஆனா சட்டத்துக்கு அதும் ஒரு யாளிதானுங்களே."

அடுத்த அரை மணியில் காரியங்கள் மளமளவென்று நடந்தன. அனுமதி மறுக்கப்பட்டது. மருதையாசாரஸ் என்ற டைனோசர் உலகத்திலிருந்து நீக்கப்பட்டது. புருஷோத்தமனின் பெயர் ஒரு சைவ முதலையின் அரைத் தாடையோடு போய்ச் சேர்ந்தது. அங்கை வாழ்நாளில் செய்த ஒரே பெரிய காரியம் அவள் வாயாலேயே இல்லையென்று ஆயிற்று. பன்னிரண்டு முட்டைகளின் சூட்டையும் அணைத்தார்கள். உள்ளே கரு திரளக்கூட இல்லையென்று ஜெபமணி சொன்னாள், இருந்தாலும் அடைகாப்பானின் விளக்கு அணைந்தபோது அங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியாகக் கொட்டடிக்குப் போனார்கள். சம்பந்தி மாலையில் இருந்த துளசியைக் கடித்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது. அங்கையைக் கண்டதும் ஓடிவந்து தாடையை அவள் கையில் வைத்தது.

"டாக்டரம்மா, ஊசி நீங்கதானுங்க போடோணும்" என்றார் குழந்தைவேலு. அவர் சம்பந்தியைப் பார்க்கவில்லை.

ஜெபமணி அசையாமல் நின்றாள். "எந்த அளவு சார் போடணும்?"

"அதுக்கொரு அளவு இருக்குமுங்களே."

"இனத்துக்கு ஒரு அளவு சார். பறவைச் சாதின்னா ஒரு கணக்கு, முதலைச் சாதின்னா வேற கணக்கு, மருந்தே வேற. முதலைக்குப் போய் பறவை மருந்தப் போட்டா சாகாது. நெனவோட கெடந்து நாள் பூரா துடிக்கும். முன்னால நீங்க அழிச்சதுக்கெல்லாம் இன்ன சாதின்னு செஞ்சவனே எழுதிக் குடுத்திருப்பான், இதுக்கு எவன் குடுத்தான்? சட்டத்துல வேதனையில்லாமன்னு போட்டுருக்கு, இனத்தைச் சொல்லாம எந்த டாக்டரும் ஊசியத் தொடக் கூடாதுன்னும் போட்டுருக்கு."

"ரெண்டையும் கலந்து போட்டுட்டா?" என்றார் புருஷோத்தமன்.

"நீங்க கலந்தது போதுமுங்க" என்றார் குழந்தைவேலு, முதல்முறையாகக் குரலை உயர்த்தி. பிறகு அங்கையிடம் திரும்பினார். "அம்மா, இந்த நாட்டுலயே இதுல பெரிய ஆளு நீங்கதானுங்க. அரைத் தாடைய வெச்சே இனம் சொன்னவங்க. இப்ப முழு உடம்பா, உசுரோட முன்னால நிக்குது. பறவைப் பக்கமா, முதலைப் பக்கமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எழுதிக்கறேன், டாக்டரம்மா வேலைய முடிச்சுருவாங்க."

அங்கை சம்பந்தியைப் பார்த்தாள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை எல்லாம் இருந்தது. எதையும் யாரும் நிரப்ப வேண்டியதில்லை. அவள் படித்த படிப்பில் இப்படி ஒரு முழுப் பிராணி எவருக்கும் கிடைத்ததில்லை. கேட்டால் பத்து நிமிடத்தில் இது முக்கால் பங்கு பறவைப் பக்கம் என்று இடுப்பெலும்பையும் கணுக்காலையும் காட்டி அவளால் நிரூபித்துவிட முடியும். சொல்ல வந்த வார்த்தை நாக்கின் நுனியில் நின்றது. உள்ளங்கையில் தாடை வெதுவெதுவென்று அழுத்தியது.

"தெரியலைங்க சார்" என்றாள்.

"என்னங்க?"

"இனம் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல."

"முழுசா நிக்குதுங்களேம்மா!"

"வெளிய பாத்து சொல்லித்தான் சார் ஒருதடவை கெட்டேன். எலும்பை எடுத்து, அறுத்து, உள்ள வளையத்தைப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அதுக்கு அது செத்திருக்கணும்."

குழந்தைவேலு கண்ணாடியைக் கழற்றினார். "கொல்றதுக்கு இனம் தெரியோணும். இனம் தெரியறதுக்கு அது செத்திருக்கோணும். இப்படித்தானுங்களே சொல்றீங்க?"

"ஆமாங்க சார்."

அவர் அவளை வெகு நேரம் பார்த்தார். அவள் பார்வையை இறக்கவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. ஏழெட்டு உத்தரவு போட்ட அந்தக் கை கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தது. சம்பந்தி அவர் பக்கம் திரும்பி, சட்டைப் பையை முகர்ந்து பார்த்தது. அவர் நகர்ந்துகொள்ளவில்லை.

"சரிங்க. அது தானாச் சாகட்டும், அதுவரைக்கும் நாங்க காத்திருக்கறோம்னு எழுதிக்கறேன்" என்றார். "எத்தனை வருசம் ஆகுமுங்க?"

"அது என்ன இனம்னு தெரிஞ்சாத்தானே சார் ஆயுசு சொல்ல முடியும்."